முதல் வருஷம் பூக்காது

ஜனவரி 9

பெனசிர் மேடம் இந்த நோட்டைக் கையில் கொடுத்து, "அவர் என்னென்ன பேசறாரோ அதைத் தேதி போட்டு எழுதி வைங்கம்மா. எங்க இருந்து எங்க வந்திருக்கோம்னு பின்னாடி தெரியும்" என்றார். குன்னூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். எங்களுக்கு ஒரு மகள் இருந்தால் அவர் வயதுதான் இருக்கும். ஆனாலும் மேடம் மேடம்தான்.

'அவர்' என்று எழுதினால் என் வீட்டுக்காரர் மாரப்பன். மேட்டுப்பாளையம் – ஊட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நவம்பரில் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு திரும்பிவிட்டது, தடி ஊன்றி நடக்கிறார். வலது கை பாதி வேலை செய்கிறது. பேச்சுதான் போய்விட்டது. சுத்தமாகப் போகவில்லை, கண்டக்டர் பேச்சு மட்டும் மிச்சம் இருக்கிறது. அது யோசிக்காமலே வந்து பழகிய பேச்சு, அதனால் தப்பித்துக்கொண்டது என்கிறார் மேடம்.

இன்று பேசியவை: காபி வேண்டுமா என்றதற்கு "ரைட்". சால்வை வேண்டுமா என்றதற்கு "ரைட்". அவருக்குப் பிடிக்காத அரசாணிக்காய்ப் பொரியலைத் தட்டில் வைத்ததற்கு "ஹோல்டான்", பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற வார்த்தை.

முன்பெல்லாம் இந்த மனிதரின் வாயை மூடவே முடியாது. பஸ்ஸில் பேசியது போதாமல் வீட்டிலும் வந்து பேசுவார். இப்போது வீடு நிம்மதியாக இருக்கிறது. ரேடியோ கேட்கலாம். பேட்டரிதான் இன்னும் வாங்கவில்லை.

ஜனவரி 15

பொங்கல். பானை பொங்கி வழிந்தபோது நான் "பொங்கலோ பொங்கல்" என்றேன். அவர் பானையைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்குது" என்றார்.

ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை இதுதான் முதல் தடவை. எழுதி வைத்துவிட்டேன். பானை பேச்சைக் கேட்கவில்லை.

ஜனவரி 22

சும்மா உட்கார வைத்துப் படம் காட்டினால் மட்டும் போதாதாம். இரண்டு பேரும் சேர்ந்து கையால் ஏதாவது செய்யவேண்டும், அப்போதுதான் "அதை எடு, இதைக் கொடு" என்று கேட்கத் தோன்றும் என்றார் மேடம். எனக்குத் தெரிந்தது தோட்ட வேலை. வீட்டுக்குப் பின்னால் சரிவில் என் பீன்ஸும் கேரட்டும் மல்லியும் இருக்கின்றன. அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

முட்டைக்கோஸ் விதை வாங்கலாம் என்று கடைக்குக் கூட்டிப்போனேன். அவர் கண் வேறொரு பாக்கெட்டில் விழுந்தது. மேலே ஒரு பூவின் படம். நீல இதழ், நடுவில் வெள்ளை, பின்பக்கம் ஐந்து வால்கள். யாரோ பூவைச் செய்து முடித்துவிட்டு மிச்சத்தை இழுத்து விட்டது போல. கொலம்பைன் என்று பேர். இடது கையால் பிடித்தவர் விடவே இல்லை. நான் முட்டைக்கோஸைக் காட்டினேன். "ஹோல்டான்."

கடைக்காரர் சொன்னார்: "அக்கா, இது போட்டதும் வர்ற சாமான் இல்லீங்க. ஈரத்துணியில சுத்தி ஃபிரிட்ஜுல ஒரு மாசம் குளிர வைக்கோணும். அப்பறம் விதைக்கோணும். முதல் வருஷம் பூக்காதுங்க. அடுத்த வருஷந்தான்."

"அடுத்த வருஷம் வரைக்கும் யாரு" என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. கடையில் கூட்டமாக இருந்தது.

வாங்கியாயிற்று.

ஜனவரி 30

ஃபிரிட்ஜில் தயிருக்கும் தோசை மாவுக்கும் நடுவில் விதை டப்பா உட்கார்ந்திருக்கிறது. அவர் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, நான் பார்க்காதபோது சில தடவை திறந்து பார்க்கிறார். கதவைச் சரியாக மூடுவதில்லை. பால் திரிந்துவிட்டது.

"ஏனுங்க, உள்ள பிள்ளையா தூங்குது?" என்று கேட்டேன்.

"ரைட்" என்றார்.

பிப்ரவரி 12

இன்று போட்டோ பார்த்துப் பேர் சொல்லும் பயிற்சி. அவருடைய அக்கா படத்தைப் பார்த்து "அக்கா" என்றார். மேடம் தன்னையே காட்டிக் கேட்டார். கொஞ்சம் திணறி "பெனசிர்" என்றார். கை தட்டினோம்.

அடுத்து என் படம். கல்யாணம் ஆன நாள் முதல் என்னை 'மணி' என்றுதான் கூப்பிடுவார். வசந்தாமணி என்பதில் வசந்தாவை வெட்டிவிட்டுக் கூப்பிட அவர் ஒருவரால்தான் முடியும். படத்தை வெகுநேரம் பார்த்தார். நெற்றி வியர்த்தது. கடைசியில் தெளிவாக, "பர்லியாறு" என்றார்.

பர்லியாறு, மலை ஏறும்போது கல்லாறு தாண்டி வரும் ஸ்டாப். மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பர்லியாறு நல்ல ஊர்தான். மங்குஸ்தான் பழம் கிடைக்கும்.

மேடம் பேரைச் சரியாகச் சொன்னது பெரிய முன்னேற்றம். அதைத்தான் கவனிக்கவேண்டும். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 26

விதைத்தோம். கறுப்பாகப் பளபளவென்று, கடுகைவிடச் சின்னது. மேலே மண் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் பட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் மறந்துபோய் ஒரு கை மண்ணை அள்ளினேன். தடியால் என் கையில் தட்டினார். பயிற்சி யாருக்கு என்று தெரியவில்லை.

மார்ச் 14

முளைக்கவில்லை.

மார்ச் 18

முளைக்கவில்லை. மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாமா என்றேன். "ஹோல்டான்." இவருக்கு இத்தனை பொறுமை எப்போது வந்தது? ரேஷன் கடை வரிசையில் நிற்க மாட்டாமல் என்னை நிறுத்திவிட்டுப் போகிறவர்.

மார்ச் 23

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து சேலை முந்தானையை இழுத்தார். திட்டலாம் என்று திரும்பினேன். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏறிருச்சு" என்றார். "ஏறிருச்சு, ஏறிருச்சு."

போய்ப் பார்த்தால் நாற்றுத் தட்டில் பச்சை பச்சையாகப் புள்ளிகள். பயணிகள் ஏறிவிட்டார்கள். குழம்பு அடி பிடித்துவிட்டது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

ஏப்ரல் 10

அன்னூரிலிருந்து அவருடைய அக்கா ராஜாமணி வந்திருக்கிறார். எனக்கு நங்கையா. மாமியார் சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பியை வளர்த்ததெல்லாம் இவர்தான். நல்ல மனது. வந்ததும் ஜன்னலை எல்லாம் சாத்தினார், டப்பாக்களை இடம் மாற்றி வைத்தார், என் துவரம் பருப்பில் கல் இருப்பதாகச் சொன்னார்.

"என்ன கண்ணு, பசிக்குதா?" என்று தம்பியைக் கேட்கிறார். அவர் வார்த்தையைத் தேடி வாயைத் திறப்பதற்குள், "பசிக்குதாமா, வசந்தா, சோறு போடு" என்கிறார்.

இன்று பேசியவை: இல்லை.

ஏப்ரல் 13

இல்லை.

ஏப்ரல் 16

இல்லை. நங்கையா நிறையப் பேசினார். மலைக்குளிர் இந்த உடம்புக்கு ஆகாது, இரண்டு பேரும் அன்னூருக்கே வந்துவிட வேண்டும், மாடியில் ஒரு ரூம் போட்டுத் தருகிறேன், இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றார். "பிள்ளை குட்டியும் இல்ல. உனக்கு ஒண்ணுன்னா இவன யாரு பாப்பா, இவனுக்கு ஒண்ணுன்னா நீ யாரக் கூப்புடுவ? நீயே சொல்லு அம்மிணி."

என் கை புளிக்கரைசலில் இருந்தது.

ஏப்ரல் 19

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும்.

மதியம் நங்கையா ரசம் வைத்தார். மல்லித்தழை வேண்டுமென்று வெளியே போனார். மல்லிப் பாத்தி தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சமையலறை வாசலிலேயே இருந்தது நாற்றுத் தட்டு. இளம் கொலம்பைன் இலை பார்க்க அச்சு அசல் மல்லிதான். முகர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நங்கையாவுக்குச் சளி.

ஒரு பிடி கிள்ளி, கழுவி, நறுக்கி, ரசத்தில் போட்டும் ஆயிற்று. திண்டில் மிச்சம் கிடந்த தழையை அவர் பார்த்துவிட்டார். தடியைக்கூட எடுக்காமல் வாசலுக்குப் போனார், தட்டைப் பார்த்தார், திரும்பி வந்தார். முகம் சிவந்துவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. டாக்டர் கோபப்படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

"மல்லி இல்ல" என்றார்.

நங்கையா கரண்டியோடு நின்றார்.

"மல்லி இல்ல அக்கா. பூ." மூச்சு வாங்கிவிட்டு, "என்ற பூ" என்றார். அவருடைய பூவாம்.

இடது கையால் ரசச்சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அப்படியே சாக்கடையில் கொட்டினார். விஷச்செடியோ என்னவோ, கொட்டியதே நல்லது. நங்கையா தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார், "எந்தம்பி பேசிட்டான், எந்தம்பி பேசிட்டான்" என்று. சாயங்காலம் அன்னூருக்குப் போன் போட்டு, தன் ரசத்தால் தம்பிக்குப் பேச்சு வந்துவிட்டதாகச் சொன்னார். பொய் என்றும் சொல்ல முடியாது.

நாற்றில் பாதி பிழைத்தது.

ஏப்ரல் 25

நங்கையா ஊருக்குப் போனார். மழைக்காலம் முடிவதற்குள் வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகவும் அதற்குள் மூட்டை கட்டி வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவருக்கு என்ன விருப்பம் என்று நங்கையா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் "ரைட்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஜூன் 8

நாற்றைச் சரிவில் நட்டோம். அவர் குழி காட்டுவார், நான் தோண்டுவேன். இன்று பேசியவை: "தண்ணி", "இங்க", "கூட", "இன்னும் கொஞ்சம்", "ஐயோ". கடைசி வார்த்தை என் பீன்ஸ் கொடியை அவர் மிதித்தபோது வந்தது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 20

இலைகளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடியிருக்கிறது. இலைக்குள்ளேயே ஒரு பூச்சி புகுந்து தின்றுகொண்டு போகிறதாம். இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டால் போதும், செடிக்கு ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர்.

நான் கிள்ளிப் போட்டதை அவர் எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வளைந்து நெளிந்த கோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். "மேட்டுப்பாளையம். கல்லாறு." ஒரு வளைவு. "பர்லியாறு" என்றபோது நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டுப் போனார். "காட்டேரி. குன்னூர். வெலிங்டன். அருவங்காடு. எல்லநள்ளி." எங்கள் ஊர் வந்ததும் விரல் நின்றுவிட்டது. கோடு இன்னும் கொஞ்ச தூரம் ஊட்டிக்குப் போனது. அவர் போகவில்லை.

இறங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 2

மேடம் போட்டோவைக் காட்டிக் கேட்டார். இன்னமும் பர்லியாறுதான். சில பேருக்கு ரொம்ப நெருங்கினவர்களின் பேர்தான் கடைசியாக வரும் என்று மேடம் சொன்னார். சமாதானத்துக்குச் சொல்வது தெரியாதா? கடைத்தெருவில் தக்காளிக்காரரையே இவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். தக்காளி நல்லதாகவே கிடைத்தது.

அக்டோபர் 29

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இடது கணுக்காலில் மாவுக்கட்டு.

நேற்று காலையிலிருந்து கொட்டுகிற மழை. சரிவில் மண் கரைந்து கொலம்பைன் வேர் தெரிய ஆரம்பித்தது. அவர் ஜன்னலில் நின்று தவித்துக்கொண்டிருந்தார். "நீங்க வராதீங்க, நான் தார்ப்பாய் போட்டுட்டு வந்தர்றேன்" என்று போனேன். போட்டுவிட்டேன். திரும்பும்போது சறுக்கி, பாத்தியோடு உருண்டு, கீழ்வேலியில் போய் மாட்டிக்கொண்டேன். எழுந்திருக்க முடியவில்லை. போன் வீட்டுக்குள். மழைச் சத்தத்தில் நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை.

அவர் மேலே வந்து நின்று பார்த்தார். இறங்கப் பார்த்தார். "இறங்காதீங்க" என்று கையை ஆட்டினேன். ஒரு நிமிஷம் நின்றவர் திரும்பிப் போய்விட்டார். எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஆள் விழுந்துவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் நினைத்தேன். கால் வலி அப்புறம்தான் தெரிந்தது.

பிறகு ஒரே ஆள் கூட்டம். முன்பின் தெரியாத ஆறேழு ஆண்கள் சரிவில் இறங்கி, போர்வையில் வைத்து என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஊட்டியிலிருந்து வந்த பஸ்ஸில் நீள சீட்டில் படுக்க வைத்தார்கள். அவர் என் தலைமாட்டில் உட்கார்ந்து, ஈரக்கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பஸ் நேராக ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது.

அந்தக் கண்டக்டர் சின்ன வயசுப் பையன். வழியில் சொன்னான்: "நடு ரோட்டுல வந்து நின்னு, கைய நீட்டி, 'ஹோல்டான்'ன்னாருங்கம்மா. அந்தக் குரலுக்கு எங்க டிரைவர் தன்னால பிரேக்க அமுக்கிட்டாரு. 'மணி உளுந்துட்டா, மணி உளுந்துட்டா'ன்னாருங்க. நான் ஏதோ கோயில் மணிதான் உளுந்துருச்சாட்டமிருக்குதுன்னு நெனச்சனுங்க. அப்பறம்தான் 'உளுந்துட்டா'ன்னு சொல்றாரேன்னு வெளங்குச்சு."

"என்ன சொன்னார்?" என்றேன்.

"மணி உளுந்துட்டான்னு."

இன்னொரு தடவையும் கேட்டேன். வலியில் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பான்.

அக்டோபர் 30

மேடம் பார்க்க வந்தார். நடந்ததைச் சொன்னேன். மேடத்துக்கும் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன்: "ஏனுங்க, பஸ்காரங்ககிட்ட என்னை என்ன பேர் சொன்னீங்க?"

என்னையே பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். உதடு கூடியது.

"பர்லியாறு."

ஒரு பஸ் முழுக்கக் கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

நவம்பர் 6

வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. அவர்தான் காபி போடுகிறார். இடது கையில் பால் பாத்திரத்தைச் சாய்க்கும்போது பாதி அடுப்பில் போகிறது. அரிசி கழுவிக் கொடுக்கிறார், துணி உலர்த்துகிறார். நேற்று என் தலையை வாரி விட்டார். சடை ஒரு பக்கமாக மேலே ஏறி நிற்கிறது. பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

கொலம்பைன் அத்தனையும் தப்பித்துவிட்டது. நான் விழுந்த பக்கம் கேரட் பாத்தி.

நவம்பர் 11

நங்கையா காரோடு வந்துவிட்டார். என் கட்டைப் பார்த்ததும் அழுகை, திட்டு எல்லாம். "இனி ஒரு வார்த்தை பேசப்படாது. துணிமணிய எடுத்து வைய்யி. கெளம்பறம்."

அவர் நங்கையாவுக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். சாசரில் ஒரு டம்ளர் அளவுக்குச் சிந்தியிருந்தது.

"போகல" என்றார்.

"என்னடா போகல? இவ நொண்டிக்கிட்டுக் கெடக்கறா. இவள யாரு பாத்துக்குவா?"

"நான்."

"உன்ன?"

முகவாயால் என்னைக் காட்டினார். "இவ."

நங்கையா காபியைத் தள்ளி வைத்தார். பிறகு குரல் உடைந்து, "அப்பறம் நான் எதுக்குடா இருக்கறேன்?" என்றார்.

இதற்கு அவர் வார்த்தை தேடினார். நாங்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தோம். நங்கையாவும் இந்த முறை குறுக்கே பேசவில்லை. அது எத்தனை பெரிய காரியம் என்று எனக்குத்தான் தெரியும்.

"அக்கா. வா. இரு. சாப்புடு." பிறகு மெதுவாக, "கூட்டிட்டுப் போகாத."

நங்கையா சிந்திய காபியைச் சாசரோடு எடுத்துக் குடித்தார். "சக்கரையே இல்லடா" என்றார். குடித்து முடித்தார்.

நவம்பர் 18

நங்கையா கிளம்பினார். போகும்போது பிளாஸ்டிக் டம்ளரில் ஒரு கொலம்பைன் செடியைப் பிடிவாதமாக எடுத்துப்போனார். அன்னூர் வெயிலில் அது பிழைக்காது என்று சொன்னேன். "நான் வளத்தறேன் பாரு" என்றார்.

டிசம்பர் 3

போன் வந்தது. செடி செத்துவிட்டதாம். இன்னொன்று எடுத்து வை என்கிறார்.

ஜனவரி 4

உறைபனி. காலையில் சரிவு முழுக்க உப்புத் தூவியது போல இருந்தது. கொலம்பைன் இலையெல்லாம் கருகிப்போய், செடி இருந்த இடமே தெரியவில்லை. வருஷம் முழுக்கப் பட்ட பாடு வீண் என்றேன்.

"தூங்குது" என்றார்.

என் தோளைத் தட்டி, "தூங்குது, வுடு" என்று மறுபடியும் சொன்னார். என்னை ஆறுதல்படுத்த இப்போது இரண்டு வார்த்தை வருகிறது. இரண்டே போதுமாக இருக்கிறது.

மார்ச் 12

அடியிலிருந்து புது இலை வருகிறது, நடுவில் குட்டி மொட்டும். நங்கையாவுக்குப் போன் செய்து தானே சொன்னார். போன் பேச்சு அரை மணி நேரம் ஓடியது. இப்போது வார்த்தை கிடைக்காவிட்டால் பக்கத்து வார்த்தையை வைத்துச் சமாளிக்கிறார். பனிக்குப் பதில் பஞ்சு. மொட்டுக்குப் பதில் முட்டை. நங்கையாவுக்கு எல்லாம் புரிகிறது. எங்கள் வீட்டுச் செடி முட்டையிட்டிருப்பதாக அன்னூர் முழுக்கச் செய்தி.

ஏப்ரல் 9

பூத்துவிட்டது.

பாக்கெட்டில் போட்ட நீலம் இல்லை. ஒன்று மங்கலான ரோஸ். ஒன்று கத்தரிக்காய் நிறம். ஒன்று வெள்ளையும் இல்லாமல் பச்சையும் இல்லாமல். தலையைக் கவிழ்த்துத் தொங்குகின்றன. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடலாம் என்றேன். அவர் பூவின் கீழே குனிந்து, நிமிர்ந்து, அடுத்த பூவுக்குப் போய், ஒவ்வொன்றின் வாலையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சைக் கவனிக்கவில்லை. அவர் மூக்கு நுனியில் மகரந்தம் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை. சாயங்காலம் வரை அப்படியே இருந்தது.

ஏப்ரல் 16

இன்று சண்டை.

மேடத்துக்குக் கொடுக்கலாம் என்று காலையில் நான்கு பூவைத் தண்டோடு வெட்டினேன். யாரிடம் கேட்க வேண்டும்? மண் சுமந்தது நான், கால் ஒடிந்தது எனக்கு. அவர் பார்த்துவிட்டார்.

"எதுக்கு வெட்டுன? விதைக்கு வுட்டிருக்கேன்னு சொன்னனா இல்லியா? அறிவிருக்குதா உனக்கு?"

திக்கவில்லை, திணறவில்லை. 'அறிவிருக்குதா'வில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

நானும் விடவில்லை. "பூவைக் காட்டிலும் மனுசி பெருசில்லீங்களா?" என்றேன். "நாலு பூவு போனா நாலு நாளையில வரும்" என்றேன். "அப்ப நீ வெட்டுனதும் சரி, நான் பேசுனதும் சரி, போ" என்றார். "போறனுங்க" என்று அடுப்படிக்கு வந்துவிட்டேன். மத்தியானம் தனித்தனியாகச் சாப்பிட்டோம். பூவை மேடத்துக்குக் கொடுக்கவில்லை, டம்ளரில் வைத்திருக்கிறேன். நல்லாத்தான் இருக்கிறது.

இப்போது சாயங்காலம். அவரே தோசை ஊற்றிவிட்டு முன்னறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். பேர் சொல்லித்தான்.

எனக்கு நன்றாகக் கேட்டது. தோசை ஆறிக்கொண்டிருக்கும். ஆறட்டும், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும்.